இன்னும் நாலே மார்க்

வெளிநாட்டில் மருத்துவம் முடித்து ஊர் திரும்பி, இங்கே வைத்தியம் பார்க்க உரிமம் பெறுவதற்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் எழுதிய கடிதங்கள் இம்முறை மேசையில் குவிந்துவிட்டன. முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரி வார்டில் நின்றவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும், டாக்டர்?
– மாணவர், நாமக்கல்

மணியை எண்ணாதீர்கள் தம்பி. ராத்திரி புத்தகத்தை மூடியதும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அன்றைக்குப் படித்ததை எதையும் பார்க்காமல் எழுதுங்கள். தாள் நிரம்பினால் ஐந்து மணி நேரம் போதும். நிரம்பவில்லை என்றால் பதினைந்து மணி நேரமும் போதாது.

மூன்று முறை எழுதிவிட்டேன். 112, 131, இப்போது 146. தேற 150 வேண்டும். அம்மா ஒரு வார்த்தை கடிந்து சொல்வதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தெருவில் இறங்கினால் 'என்னம்மா, டாக்டராயிட்டியா?' என்கிறார்கள். நான் இதற்கு லாயக்கில்லையோ?
– மாணவி, தென்காசி

மகளே, நீங்கள் எழுதிய மூன்று எண்களையும் வரிசையாக இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். 19, அடுத்து 15 என்று ஒவ்வொரு முறையும் ஏறி வந்திருக்கிறீர்கள். லாயக்கில்லாதவரின் எண்கள் இப்படி ஏறாது. இந்தத் தேர்வில் பெரும்பாலான தடவைகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை. அந்தக் கூட்டத்தில் வாசற்படி வரை வந்து நிற்கிறீர்கள்.

இனி அந்த நாலு மார்க் எங்கே கிடக்கிறது என்று பார்ப்போம். 300 கேள்விகளில் மெடிசினுக்கு 33, சர்ஜரிக்கு 32, மகப்பேறுக்கு 30, சமூக மருத்துவத்துக்கு 30. வெளிநாட்டில் படித்து வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் கடைசியாகச் சொன்ன அந்த 30. உங்களுக்கு அங்கே சொல்லிக்கொடுத்தது அந்த நாட்டின் சுகாதாரத் திட்டம். இங்கே கேட்பது நம்முடையது. நம் காசநோய்த் திட்டம், நம் தடுப்பூசி அட்டவணை, நம் துணைச் சுகாதார நிலையத்துக்கு எத்தனை ஆயிரம் மக்கள் என்ற கணக்கு. இதை நோட்ஸில் மட்டும் படித்தால் நழுவிக்கொண்டே இருக்கும்.

ஒன்று செய்யுங்கள். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டு, கிராம சுகாதார செவிலியர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். ஒன்றரை மாதக் குழந்தை முதல் பென்டாவேலன்ட்டுக்கு வரும். அட்டையில் 6, 10, 14 வாரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒன்பது மாதக் குழந்தை தட்டம்மை–ரூபெல்லாவுக்கு அழுதுகொண்டே வரும். செவிலியர் தடுப்பூசிக் குப்பியைக் கையிலெடுத்து, அதில் ஒட்டியிருக்கும் சின்ன வட்டத்துக்குள் இருக்கும் சதுரத்தின் நிறத்தை முதலில் பார்ப்பார். சதுரம் வெளி வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். குப்பி வெப்பம் பட்டுக் கெட்டதைச் சொல்லும் அடையாளம் அது. தேர்வில் அந்தப் படத்தைக் கொடுத்துக் கேட்பார்கள். நாலு புதன்கிழமை போய் வந்தவருக்கு அது மறக்கவே மறக்காது.

தெருவில் கேட்கிறவர்களுக்கு 'அடுத்த தடவை எழுதறேன்க்கா' என்று சொல்லிவிட்டு நடங்கள். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. அம்மாவிடம் மட்டும் இன்றைக்கே போய், 'நீ பேசாம இருக்கிறதுதாம்மா எனக்குக் கஷ்டமா இருக்கு' என்று சொல்லிவிடுங்கள். அவரும் உங்களுக்கு வலிக்குமே என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டிருப்பார். ராத்திரியில் மனசு ரொம்பக் கனத்துப்போனால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு அழையுங்கள். நேரம் காலம் பார்க்க வேண்டாம், தமிழிலேயே பேசலாம். டாக்டராகப் போகிறவர் உதவி கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தெரியாத கேள்வியை விட்டுவிடலாமா?
– மாணவர், ஈரோடு

ஒன்றைக்கூட விடக் கூடாது. தவறான விடைக்கு இங்கே மார்க் பிடிப்பதில்லை. 150 கேள்விக்கு 150 நிமிடம் என்று இரண்டு வேளை. கேள்விக்கு ஒரு நிமிடம்தான். நாலு விடையில் இரண்டு நிச்சயம் தவறு என்று தெரிந்தால் அவற்றைத் தள்ளிவிட்டு, மிஞ்சியதில் ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள். மனசு பின்னாலேயே தங்கிவிட்டால் அடுத்த மூன்று கேள்வியும் போய்விடும்.

நிலத்தை விற்று மகனைப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினேன். திரும்பி வந்து இரண்டு வருஷம். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறான். எப்போது தேறுவாய் என்று கேட்டால் எரிந்து விழுகிறான். என்ன செய்யட்டும்?
– தந்தை, கள்ளக்குறிச்சி

ஐயா, அந்தக் கேள்விக்கு அவரிடமும் பதில் கிடையாது. அதனால்தான் கோபம் வருகிறது. வேறு கேள்வி கேளுங்கள். சாயங்காலம் காப்பி குடிக்கும்போது, 'எனக்குச் சர்க்கரை இருக்குன்னு மாத்திரை கொடுத்திருக்காங்களே, அது உள்ளே போய் என்னடா பண்ணுது?' என்று கேளுங்கள். நிஜமாகவே கேட்க வேண்டும், சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். அவர் உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால் அந்தப் பாடம் அவருக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தடுமாறினால் எங்கே தெரியவில்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும். உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டுவார். ரத்த அழுத்தத்தையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். தினமும் கால் மணி நேரம் போதும்.

நிலத்தின் பேச்சை எடுக்க வேண்டாம். அவர் அதை ஒரு நாளும் மறந்திருக்க மாட்டார்.

பத்தொன்பது பாடத்தின் வீடியோவையும் இரண்டு மடங்கு வேகத்தில் பார்த்து முடித்துவிட்டேன். மாதிரித் தேர்வில் 120-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஏன்?
– மாணவர், கோயம்புத்தூர்

வேகமாக ஓடியது வீடியோதான் தம்பி. ஆசிரியர் சொல்லும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும். அந்தப் புரிதல் அவருடையது. உங்களுடையதாக வேண்டுமென்றால் உங்கள் மூளை அதைத் தேடி எடுத்துப் பழக வேண்டும்.

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். அதன் பிறகு ஒரு சாராரை மறுபடி படிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வு உங்களுக்கு ஐந்து நிமிடம் கழித்தா வருகிறது?

இனி முதலில் 20 கேள்வி போடுங்கள், பிறகு வீடியோவுக்குப் போங்கள். தவறிய கேள்விகளுக்கென்று ஒரு நோட்டு வையுங்கள். விடையை மட்டும் எழுதாமல், 'நான் ஏன் இதை நினைத்தேன்' என்றும் ஒரு வரி எழுதுங்கள். மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து அதே நோட்டைத் திறந்து, விடையைக் கையால் மறைத்துக்கொண்டு போடுங்கள்.

ஹாரிசன் மருத்துவ நூலை முழுதும் படித்தால்தான் ஆகுமா?
– மாணவி, திருச்சி

இந்தத் தேர்வுக்கு வேண்டாம், அம்மா. நோட்ஸில் ஒரு வரி புரியாதபோது திறந்து பார்க்கும் அகராதியாக வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு, அன்றைக்குப் பார்த்த நோயாளியின் வியாதியை அன்றிரவே அதில் படியுங்கள். அந்தப் புத்தகம் அப்படிப் படிப்பதற்கு எழுதப்பட்டதுதான்.

ரஷ்யாவில் படித்தேன். ஆறு வருஷத்தில் ஒரு பாம்புக்கடிகூடப் பார்த்ததில்லை. இங்கே வந்தால் பாம்பு, எலிக் காய்ச்சல், பூச்சிமருந்து என்று கேட்கிறார்கள். மனப்பாடம் செய்தாலும் குழம்புகிறது.
– மாணவர், நாகர்கோவில்

பனி கொட்டும் ஊர் வார்டில் கட்டுவிரியன் கடித்தவர் எப்படி வருவார் தம்பி? உங்கள் மேல் குற்றம் இல்லை. ஆனால் உரிமம் கேட்பது இந்த மண்ணில் வைத்தியம் பார்க்க. ஆகவே இந்த மண்ணின் நோயாளியை மனக்கண்ணில் கொண்டுவந்து படியுங்கள்.

விடிகாலை நாலு மணி. களத்துமேட்டில் தரையில் படுத்திருந்தவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 'வயிறு வலிக்குதுன்னாரு, இப்பக் கண்ணையே தொறக்க மாட்டேங்கறாரு' என்கிறார் மனைவி. உடம்பெல்லாம் தேடியும் பல் தடம் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. இமை மட்டும் இரண்டு பக்கமும் தொங்குகிறது. இவர் கட்டுவிரியன் கடித்தவர். ராத்திரி, தரைப் படுக்கை, வயிற்று வலி, தொங்கும் இமை. அடுத்து விழுங்க முடியாமல் போகும், அதற்கடுத்து மூச்சு. இந்த ஒரு மனிதரை நினைவில் வைத்தால் நரம்பு விஷம் பற்றி என்ன கேட்டாலும் விடை அவரிடமிருந்தே வரும்.

மதியம் இன்னொருவர். அறுப்புக்குப் போன பெண். கால் கெண்டை வரை வீங்கியிருக்கிறது, ஈறில் ரத்தம் கசிகிறது. இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் நிறுத்த வேண்டும். எங்கள் வார்டில் அதற்கென்றே ஜன்னலோரம் ஒரு மர ஸ்டாண்டு இருந்தது. குழாய் அதில் இருக்கும்போது யாரும் அந்த மேசையில் கை ஊன்றக் கூடாது. 20 நிமிடம் ஆனதும் மெல்லச் சாய்ப்போம். ரத்தம் கட்டியாக நின்றால் சரி. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைத் தின்றுவிட்டது. அந்த நோயாளியின் வீட்டுக்காரர்கள் நம் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்; அந்த 20 நிமிடம் ரொம்ப நீளம்.

பிளாஸ்டிக் குழாய் ஏன் ஆகாது என்று தேர்வில் கேட்கலாம். ரத்தம் கண்ணாடியில் படுவதுதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றிவிடும். குழந்தைக்கு விஷமுறிவு மருந்தைக் குறைக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். கூடாது. குழந்தை சின்னது என்பதற்காகப் பாம்பு விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை.

நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும் சேர்த்துச் செய்தது. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருகிறவர்கள் யார் தெரியுமா? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-லிருந்து இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். ஒருமுறை போய்ப் பாருங்கள். பாம்பின் வாயை ஜாடியின் விளிம்பில் அழுத்தி அவர்கள் விஷம் எடுப்பதைப் பார்த்தவர், அந்த நாலு பெயரையும் வாழ்நாளில் மறக்க மாட்டார்.

மற்றதையும் இப்படியே படியுங்கள். பத்து நாள் காய்ச்சல், அக்குளில் சிகரெட்டால் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு என்றால் ஸ்கிரப் டைஃபஸ், டாக்ஸிசைக்ளின். பூண்டு வாடை, வாயில் நுரை, கடுகளவு சுருங்கிய கண்மணி என்றால் பூச்சிமருந்து, அட்ரோபின். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் கொடுங்கள்.

தேர்வு ஆங்கிலத்தில். நோயாளி பேசுவது தமிழில். இரண்டையும் எப்படி இணைப்பது?
– மாணவி, மதுரை

அருமையான கேள்வி. இதை யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்களே என்று எனக்கு வெகு நாள் ஆதங்கம்.

நம் ஊரில் ஐம்பது வயதுக்காரர் 'வாய்வுப் பிடிப்புங்க, சோடா குடிச்சேன், போகல' என்று வருவார். மேல்வயிற்றில் கை வைத்திருப்பார். சட்டை முதுகில் ஒட்டும் அளவுக்கு வேர்த்திருக்கும். சர்க்கரை வியாதி பத்து வருஷமாக இருக்கும். அவர் வாய்வு என்று சொன்னதை நாமும் வாய்வு என்று எழுதினால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே போய்விடுவார். முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். லீடுகளில் கோடு தூக்கியிருந்தால் இதயத்தின் கீழ்ச்சுவர். தேர்வில் இதே ஆள்தான் 'நீரிழிவு உள்ள 52 வயது ஆண், மேல்வயிற்று அசௌகரியம், வியர்வை' என்று வருகிறார்.

ஒரு நோட்டில் இடது பக்கம் நம் ஜனங்கள் சொல்வதை எழுதுங்கள்: நெஞ்சு கரிக்குது, கை மதமதன்னு இருக்கு, கிறுகிறுன்னு வருது, நீர்க்கடுப்பு, சீதபேதி, நாள் தள்ளிப்போச்சு. வலது பக்கம் அது எந்தெந்த நோயாக இருக்கலாம் என்று எழுதுங்கள். தேர்வுக்கும் உதவும். தேறிய பிறகு ராத்திரி டியூட்டியில் இன்னும் அதிகமாக உதவும்.

இந்தத் தேர்வுக்குப் பதிலாக நெக்ஸ்ட் தேர்வு வரப்போகிறதாமே? அதற்கே படித்துக்கொள்ளலாமா?
– மாணவர், வேலூர்

2019 மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே அதற்கு இடம் வைத்துவிட்டார்கள், தள்ளிக்கொண்டே போகிறது. நாளைக்கு எந்தப் பெயரில் வந்தாலும் கட்டுவிரியனும் மாரடைப்பும் மாறப்போவதில்லை. கையில் இருக்கும் தேர்வை எழுதுங்கள்.

பணம் கொடுத்தால் வினாத்தாள் தருகிறேன் என்று செல்போனில் ஒருவர் பேசுகிறார். நண்பர்கள் சேர்ந்து கொடுக்கலாம் என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், சேலம்

கொடுக்காதீர்கள். அந்த எண்ணைக் காவல்துறையிடம் கொடுங்கள். பணம் போவது சின்ன நஷ்டம். பிடிபட்டால் தேர்வே எழுத முடியாமல் போகும். ஒருவேளை அது நிஜ வினாத்தாளாகவே இருந்துவிட்டால் அதைவிடப் பெரிய கேடு. அந்த மார்க்கை வைத்துக்கொண்டு யாருடைய குழந்தைக்கு ஊசி போடுவீர்கள்?

என் மகளை வெளிநாட்டில் மருத்துவம் சேர்க்க ஏஜென்ட் அழைக்கிறார். எதைப் பார்க்க வேண்டும்?
– தாய், விழுப்புரம்

அம்மா, ஏஜென்ட் காட்டும் கட்டடப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்களுக்கான 2021 விதிமுறையைக் கேளுங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும். திரும்பி வந்து இங்கேயும் 12 மாதப் பயிற்சி செய்ய வேண்டும். நீட் தகுதி கட்டாயம். இதில் ஒன்று குறைந்தாலும் பிற்பாடு ஆறு வருஷத்தைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அந்த நாட்டில் நோயாளியைத் தொட விடுகிறார்களா என்றும் அங்கே இப்போது படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

பட்டம் வாங்கிய பிறகும் எதற்கு இன்னொரு தேர்வு? எங்களை அவமானப்படுத்துவதாக இல்லையா?
– மாணவர், சென்னை

உங்கள் கோபம் புரிகிறது. பட்டம் கொடுத்தது ஒரு கல்லூரி. உரிமம் கொடுப்பது நோயாளிகளின் சார்பில். கிராமத்துக் கிழவிக்கு நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று விசாரிக்க வழியில்லை. அவருக்காக யாரோ ஒருவர் கேட்டுவைக்க வேண்டியிருக்கிறது. 2002-லிருந்து அதைத்தான் இந்தத் தேர்வு செய்கிறது.

வேலூரில் ஒரு பழைய கதை உண்டு. 1918-ல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். முதலாண்டு முடிவில் மாகாணத்தின் பொதுத் தேர்வு. ஆண்களிலேயே பலர் தவறுகிற தேர்வு, உங்கள் பெண்கள் தேறுவது கஷ்டம் என்ற மாதிரி பேச்சு இருந்தது. எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். அந்தப் பெண்கள் தேர்வு வேண்டாம் என்று கேட்கவில்லை. மற்றவர்களுக்கு வைத்த அதே தேர்வைத்தான் எழுதினார்கள். அந்தப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி.

கைக்குழந்தைக்காரி நான். ராத்திரி மூன்று முறை எழுந்திருக்கிறேன். படிக்க முடியுமா?
– மருத்துவப் பட்டதாரி, தஞ்சாவூர்

முடியும், மகளே, மற்றவர்களின் அட்டவணையில் முடியாது. குழந்தை தூங்கும் அரை மணியில் 15 கேள்வி. பால் கொடுக்கும்போது காதில் ஒரு பாடம். வாரத்தில் இரண்டு அரைநாள் குழந்தையை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்; உதவியாக அல்ல, அவருடைய முறையாக. குழந்தை மருத்துவத்துக்கு 15 மார்க் இருக்கிறது. தலை எப்போது நிற்கும், எப்போது குப்புற விழும் என்பதைப் புத்தகத்தில் படிக்கிறவர்களுக்கு நடுவில் நீங்கள் மடியிலேயே பார்க்கிறீர்கள். ஒரு தடவை தள்ளிப் போட்டு எழுதினாலும் பரவாயில்லை. தூக்கத்தை மட்டும் தியாகம் செய்யாதீர்கள்.

லண்டன் போய் வைத்தியம் பார்க்க பிளாப் தேர்வு எழுதலாமா? இதைவிட எளிதாமே?
– மாணவர், தூத்துக்குடி

எளிது என்று யார் சொன்னது? முதல் பகுதியில் மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி. இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் போக வேண்டும்; 16 அறைகள், அறைக்கு எட்டு நிமிடம். உள்ளே ஒரு நடிகர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். மகன் இறந்த செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கலாம். மருந்துப் பெயர் எல்லாம் தெரிந்தும் அந்த அறையில் வாயடைத்துப் போனவர்கள் உண்டு. போக ஆசை இருந்தால் போங்கள். இங்கே தேர்வுக்குப் பயந்து மட்டும் போகாதீர்கள்.

தேறிவிட்டேன் ஐயா! 163. அடுத்த வாரம் பயிற்சி மருத்துவராகச் சேர்கிறேன். முதல் நாள் என்ன கொண்டு போகட்டும்?
– பயிற்சி மருத்துவர், தேனி

வாழ்த்துகள்! கடிதத்தைப் படித்ததும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

பேனா மூன்று, இரண்டு தொலையும். ஒரு சின்னப் பாக்கெட் நோட்டு, டார்ச், கைக்கடிகாரம். பாம்புக்கடி ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் அந்த 20 நிமிடத்துக்குக் கடிகாரம் வேண்டும். பையில் பிஸ்கட்டும் தண்ணீரும் இருக்கட்டும், சாப்பிட நேரம் கிடைக்காது. வார்டுக்குள் போனதும் முதலில் சிஸ்டரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எந்த அலமாரியில் அட்ரோபின், எந்த அலமாரியில் விஷமுறிவு மருந்து, கண்ணாடிக் குழாய் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். எந்த யூனிட்டில் போட்டிருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அங்கே மழைக்காலத்தில் என்ன அதிகம் வரும் என்று சொல்கிறேன்.